விழித்திரைப் படத்தைக் கணினி படிப்பது ஏன்? எப்படி?

நீரிழிவு முற்றும்போது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து, ஊசிமுனை அளவிலான செந்நிறப் புடைப்புகளும் இரத்தக் கசிவுகளும் மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகளும் தோன்றுகின்றன. பார்வை மங்கும்வரை நோயாளி பெரும்பாலும் எதையும் உணர்வதில்லை என்பதால், விழித்திரையைத் தவறாமல் படமெடுத்துச் சோதிப்பது இன்றியமையாததாகிறது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதால், லிட்டில் இந்தியா முதல் புறநகர் வட்டாரங்கள் வரை வாழும் தமிழர்களுக்கு இது தங்கள் வீட்டுச் செய்தியே ஆகும்.

பலதுறை மருந்தகங்களில் எடுக்கப்படும் படங்களைப் பயிற்சி பெற்றோர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம்பிரிக்கும் பெரும்பணியைக் குறைக்கவே, சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் இணைந்து 'செலீனா பிளஸ்' என்னும் மென்பொருளை உருவாக்கின.

கணினிக்குப் படம் என்பது, ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் ஒளிர்வையும் குறிக்கும் எண்களின் தொகுதியே ஆகும். மனிதர் முன்பே தரம்பிரித்த படங்களிலிருந்து தானே பாடம் கற்கும் 'ஆழ்கற்றல்' முறையில், மென்பொருளின் கணக்கீட்டு அடுக்குகளுள் முதல் அடுக்குகள் விளிம்புகளையும் நிறமாற்றங்களையும் பிரித்தறிய, அடுத்த அடுக்குகள் அவற்றை இணைத்துக் குழாய், கசிவு, படிவு ஆகியவற்றின் வடிவங்களை உணர்ந்து, இறுதியில் நோய்க்கான வாய்ப்பை ஒரு மதிப்பெண்ணாகத் தருகின்றன.

2017இல் வெளியான ஆய்வில், மேற்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய விழித்திரை நோயை இம்முறை 90.5 விழுக்காடு சரியாகக் கண்டறிந்தது. அத்தகைய நோய் இல்லாதவர்களை 91.6 விழுக்காடு சரியாக விலக்கியது. எனினும் எஞ்சும் பிழைகளைக் களைய மருத்துவரின் கண்ணும் தேவை. அதற்கும் முன்பாக, நீரிழிவு உள்ளவர் ஒவ்வொருவரும் விழித்திரைச் சோதனைக்குத் தவறாமல் செல்ல வேண்டும்.