இரட்டைக்குழல் யானைத் துப்பாக்கி
.470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், பிரிட்டன், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி

கிழக்கு ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் யானையும் காட்டெருமையும் மிக அருகில் வந்த பிறகே கண்ணில் படும். முதல் குண்டு தவறினால் அடுத்தது கணத்தில் பாய வேண்டும். அதற்காகவே இரண்டு குழல், இரண்டு விசை, தனித்தனி இயக்கம். ஒன்று பழுதானாலும் மற்றது சுடும்.

குண்டு சுமார் 32 கிராம், துப்பாக்கி ஏறக்குறைய 5 கிலோ. இரு குழல்களும் ஒரே இலக்கைத் தொடும்படி, கைவினைஞர் மீண்டும் மீண்டும் சுட்டுப் பார்த்து, இடையிலுள்ள ஆப்பை நகர்த்திப் பற்றவைப்பார். அந்த அமைப்பு ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு மட்டுமே பொருந்தும். வேறொன்றைப் போட்டால் குண்டுகள் விலகிப் போகும். இவ்வளவு நுட்பமான கைவேலை எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் மதிப்புக்குரியது.

பராமரிப்பில் முதல் எதிரி துரு. அக்காலத் தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து குழலுக்குள் உப்பை விட்டுச்செல்லும். ஈரக்காற்றில் அது விரைவில் இரும்பை அரிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. எனவே சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் பூசினார்கள்.

இந்தத் துப்பாக்கியின் பரவலுக்கு இந்தியாவும் ஒரு காரணம். கலகக்காரர் கைக்குப் போய்விடும் என அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, 1907இல் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவிலும் சூடானிலும் தடைசெய்தது. அந்த இடத்தை நிரப்பியவற்றுள் .470 ஒன்று.

இத்தகைய துப்பாக்கிகளால் வீழ்ந்த யானைகளின் தந்தம் பியானோ கட்டைகளாகவும் பில்லியர்ட்ஸ் பந்துகளாகவும் மாறியது. கென்யா 1977இல் பெருவிலங்கு வேட்டையைத் தடைசெய்தது.