ரஷ்யவியல்: தோட்டத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காத துறை

ரஷ்ய மொழி, இலக்கியம், வரலாறு, அரசியல் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பதே ரஷ்யவியல். மொழியில்தான் தொடங்கியாக வேண்டும். ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் சேரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் முதல் ஓராண்டை மொழி ஆயத்த வகுப்பில் கழிக்கிறார்கள். பிறகு இளங்கலை, முதுகலை, ‘கண்டிடாட்’ என்னும் ஆய்வுப் பட்டம். எல்லாம் சேர்ந்தால் பத்தாண்டு உழைப்பு.

கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் ரஷ்யப் படிப்பு என்றால் மருத்துவம் என்றே பொருள். மாஸ்கோ, குர்ஸ்க், வோல்கோகிராட் நகரங்களில் மலேசிய மாணவர்கள் படித்திருக்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வார்டில் படுத்திருக்கும் மூதாட்டியிடம் நோயை விசாரிக்க ரஷ்ய மொழி வேண்டும். அப்படி அரும்பாடுபட்டுக் கற்ற மொழி, ஊர் திரும்பி ஹவுஸ்மன் பணியில் சேர்ந்ததும் துருப்பிடிக்கிறது. இந்த இழப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இத்தனைக்கும் உறவு பழையது. 1960களில் மலாயா ரப்பரைப் பெருமளவில் வாங்கிய நாடுகளில் சோவியத் யூனியனும் ஒன்று. பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் விடியுமுன் பால்மரம் சீவியவர்களின் உழைப்பும் அந்த வணிகத்தைத் தாங்கியது. 1967 ஏப்ரலில் இரு நாடுகளும் தூதரக உறவு கொண்டன.

ரஷ்யர்களோ நம்மை முன்பே படிக்கத் தொடங்கிவிட்டார்கள். அலெக்சாண்டர் மெர்வார்ட்டும் அவர் மனைவி லுத்மிலாவும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் ஆய்வு செய்தனர். அலெக்சாண்டர் 1929இல் லெனின்கிராடில் பேச்சுத் தமிழுக்கு இலக்கண நூல் வெளியிட்டார். லுத்மிலா பிற்பாடு மலாய் மொழி ஆய்வுக்குத் திரும்பினார். திருக்குறளின் ரஷ்ய மொழிபெயர்ப்பு 1963இல் வந்தது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்த அலெக்சாண்டர் துபியான்ஸ்கி சங்க இலக்கியத்திலேயே தோய்ந்து கிடந்தவர். 2020இல் அவர் மறைந்தபோது தமிழுலகம் வருந்தியது. விக்டர் பகதாயேவ் என்ற மலாய் அறிஞர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கே வந்து ரஷ்ய மொழி கற்பித்தார். நம் பக்கமிருந்து இதற்கு ஈடான முயற்சி இல்லை.

தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இத்துறையில் ஒரு சாதகம் உண்டு. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள். பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்றுத் திரியும் என்பது ஆங்கிலமும் மலாயும் மட்டும் அறிந்தவருக்குப் பெரும் மலைப்பு; எட்டு வேற்றுமைகளை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது பழகிய வழி. 33 எழுத்துகளையும் சில வாரங்களில் கற்றுவிடலாம். உண்மையான சோதனை வினைச்சொற்களில்தான்.

படித்து என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. 2014 ஜூலை 17இல் எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். மலேசியாவும் இடம்பெற்ற கூட்டு விசாரணைக் குழு வெளியிட்ட தொலைபேசி உரையாடல்கள் ரஷ்ய மொழியில் இருந்தன. நம் வீட்டுத் துயரத்தின் சான்றுகளையே பிறர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நாம் அறிந்தோம். உக்ரைன் போர்ச் செய்தியும் அப்படித்தான் வருகிறது. யாரோ தேர்ந்தெடுத்ததை, யாரோ சுருக்கியதை வைத்து ஒரு நாட்டை எடைபோடுகிறோம். 2025இல் மலேசியா பிரிக்ஸ் கூட்டமைப்பின் பங்காளி நாடாகிவிட்ட பிறகும் இப்படி இரவல் கண்ணால் பார்ப்பது ஆபத்து. மூலத்தைப் படித்து, ரஷ்ய அரசு சொல்வதையும் அதை எதிர்ப்பவர்கள் சொல்வதையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் நமக்கு வேண்டும்.

ரஷ்ய அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் வழங்குகிறது; மருத்துவம் மட்டுமல்ல, மொழி, வரலாறு, அனைத்துலக உறவு ஆகியவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு வழிகாட்டும் தோட்டப்புற ஆசிரியர்களும் பொது இயக்கங்களும் இதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். ரஷ்யாவில் படித்துத் திரும்பிய மருத்துவர்கள் வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தாங்கள் கற்ற மொழியை இரண்டு பிள்ளைகளுக்காவது சொல்லிக்கொடுக்க முன்வர வேண்டும்.