களையை எண்ணினால் விளைச்சல் தெரியுமா?

களத்துமேட்டில் நெல்லை அளக்க மரக்கால் உண்டு. வயலின் களையை எண்ணிவிட்டு, 'விளைச்சல் இவ்வளவு' என்று எந்தக் குடியானவரும் கணக்கெழுத மாட்டார். ஆயினும் ஆட்டிசம் உள்ள இளைஞர், இளம்பெண்கள் விஷயத்தில் நாம் பெரும்பாலும் அவ்விதமே செய்து வருகிறோம்.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுதல், ஓசையையும் ஒளியையும் தாங்குதல் ஆகியவற்றில் அது புலப்படும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனையும் அங்கீகரித்துள்ளது. சான்றிதழுக்கென உள்ள இந்திய அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 153-ஐத் தாண்டினால் கடுமையான நிலை. அரசு உதவி பெற இந்த அளவு அவசியமே. ஆனால் அது அளப்பது இடர்ப்பாட்டை, வாழ்வின் நலத்தையன்று.

தண்டலத்தில் ஒரே மதிப்பெண் பெற்ற இரு இளைஞர்கள் உள்ளனர் எனக் கொள்வோம். ஒருவன் ஒரகடத்து ஆலையில் வேலை செய்கிறான். சம்பளம் வருகிறது, ஆனால் இயந்திர இரைச்சலால் உறக்கம் கெட்டு, உணவும் குறைந்துவிட்டது. மற்றவன் வீட்டு மாடுகளைப் பேணுகிறான். சம்பளமில்லை, எனினும் மன நிறைவோடு இருக்கிறான். பணத்தை மட்டும் அளந்தால் முன்னவனே நலமாக இருப்பதாகக் கூறிவிடுவோம். ஆலை வேலை ஆகாது என்பதன்று. காதுக்கு உறையும் இரைச்சல் குறைந்த இடமும் கிடைப்பின் அதே வேலை அவனுக்கு உகந்ததாகலாம். அவனைக் கேட்டாலன்றி அது எவ்வாறு தெரியும்?

ஆகவே, முதலில் அவர்களையே கேட்க வேண்டும். பேசாதவர்களிடம் படங்களாலும் சைகையாலும் கேட்கலாம். தாயின் சொல் துணையாகுமேயன்றி அவர்கள் சொல்லுக்கு ஈடாகாது. இரண்டாவதாக, உறக்கம், உணவு, விரும்பிச் செய்யும் வேலை, நாடிச் செல்லும் மனிதர், அச்சமின்றி நடமாடும் இடம் ஆகிய ஐந்தையும் மாதந்தோறும் குறித்து வரலாம். மூன்றாவதாக, அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடலாகாது. சென்ற ஆண்டு அவர்கள் இருந்த நிலையோடு ஒப்பிடவேண்டும். தனித்திருத்தலையும் கைகளை அசைத்தலையும் துயரமென முடிவு கட்டலாகாது. சிலருக்கு அதுவே அமைதி.

முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் பெறலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! சான்றிதழ் கிடைத்ததா என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது. அவ்வீடுகளை நாடிச் சென்று, 'பிள்ளை நன்றாக உறங்குகிறதா? அதற்குப் பிடித்த வேலை எது?' என்றும் வினவுவோமாக. ஊரின் விளைச்சலில் இதுவும் ஒரு மரக்கால்.