தொழில்முறை நொதித்தலில் அமினோ அமில வளர்சிதைமாற்றம்

தொழில்முறை நொதித்தலில் அமினோ அமில வளர்சிதைமாற்றம் என்பது, பெரிய கலன்களில் வளர்க்கப்படும் பாக்டீரியாக்கள் அமினோ அமிலங்களை உருவாக்கும், பயன்படுத்தும், வெளியேற்றும் வேதிவினைகளின் தொகுப்பாகும். பாக்டீரியா தன் புரதங்களுக்குத் தேவையான அளவுக்கே அமினோ அமிலங்களை உருவாக்கும். தேவைக்கு மிஞ்சி உருவாக்காமல் தடுக்கும் கட்டுப்பாடுகளும் அதனுள் உள்ளன. இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியே ஆலைகள் விளைச்சலைப் பெறுகின்றன. எனினும் அளவு மீறினால் பாக்டீரியாவின் வளர்ச்சியே குன்றும்.

வரலாறு

கொம்பு என்னும் கடற்பாசியின் சுவைக்குக் குளுட்டாமிக் அமிலமே காரணம் என்பதை 1908 இல் சப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கண்டறிந்தார். அதன் சோடியம் உப்பே அஜினோமோட்டோ என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. தொடக்கத்தில் இது கோதுமைப் புரதம் போன்றவற்றை அமிலத்தால் சிதைத்துப் பெறப்பட்டது. சர்க்கரையிலிருந்து குளுட்டாமிக் அமிலத்தை உருவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாவைப் பற்றி, கியோவா ஹாக்கோ நிறுவனத்தின் சுக்குவோ கினோசிட்டாவும் அவருடைய குழுவினரும் 1957 இல் வெளியிட்டனர். அது இன்று கோரினிபாக்டீரியம் குளுட்டாமிக்கம் எனப்படுகிறது.

பயோட்டினும் கழிவுப்பாகும்

இந்தப் பாக்டீரியாவால் பயோட்டின் என்ற உயிர்ச்சத்தைத் தானாக உருவாக்க இயலாது. கொழுப்பு அமிலங்களை உருவாக்கப் பயோட்டின் தேவை. அது குறைந்தால் உயிரணுச் சவ்வின் தன்மை மாறி, குளுட்டமேட்டை வெளியேற்றும் வழி திறக்கிறது. அதே வேளையில், சிட்ரிக் அமிலச் சுழற்சியில் குளுட்டமேட்டின் முன்பொருளைச் சிதைக்கும் நொதியின் செயல்பாடும் குறைகிறது. எனவே அம்முன்பொருள் குளுட்டமேட்டாக மாறி வெளியேறுகிறது.

மூலப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இது முக்கியமாகிறது. கரும்பு விளையும் செங்கல்பட்டு மாவட்டத்தில், கருங்குழிக்கு அருகிலுள்ள படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. இத்தகைய ஆலைகளில் சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சும் மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரையே. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் எரிசாராய உற்பத்திக்குப் பயன்படுகிறது. உலகின் பல பகுதிகளில் அமினோ அமில நொதித்தலுக்கும் இதுவே மலிவான மூலப்பொருள்.

ஆனால் கரும்புக் கழிவுப்பாகில் பயோட்டின் மிகுதி. குளுட்டமேட் உற்பத்திக்கோ லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் பயோட்டினே ஏற்றது. அதற்கு மேல் இருந்தால் பாக்டீரியா நன்கு பெருகும், குளுட்டமேட்டை வெளியேற்றாது. இதைச் சமாளிக்க, வளர்ச்சியின் இடையே பெனிசிலின் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. அது உயிரணுச் சுவர் உருவாவதைக் குலைத்து, குளுட்டமேட் வெளியேறச் செய்கிறது.

லைசின் உற்பத்தி

லைசின் பெறுவதற்கு இதற்கு நேர்மாறான நிலை வேண்டும். பயோட்டின் போதிய அளவு இல்லாவிட்டால் லைசினுக்குப் பதிலாகக் குளுட்டமேட்டே வெளியேறும். ஆகவே குளுட்டமேட் ஆலைக்கு இடையூறான அதே பாகு, லைசின் ஆலைக்கு நன்மையாகிறது.

அஸ்பார்டிக் அமிலத்திலிருந்து தொடங்கும் வினைப்பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை லைசினையும், மற்றது ஹோமோசெரின் வழியாகத் திரியோனின், மெத்தியோனின் ஆகியவற்றையும் தருகிறது. லைசினும் திரியோனினும் ஒருசேர மிகுந்தால், பாதையின் முதல் நொதியான அஸ்பார்டோகைனேசு தடைப்படும். இது பின்னூட்டத் தடுப்பு எனப்படும்.

ஹோமோசெரினை உருவாக்க இயலாத சடுதிமாற்ற வகைகளில் திரியோனின் பெருகுவதில்லை. எனவே தடுப்பு நீங்கி, லைசின் குவிகிறது. ஆனால் இவ்வகைப் பாக்டீரியாவுக்குத் திரியோனினையும் மெத்தியோனினையும் வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். குறைவாக ஊட்டினால் வளர்ச்சி நின்றுவிடும். திரியோனினை மிகுதியாக ஊட்டினால் தடுப்பு திரும்பிவந்து லைசின் விளைச்சல் வீழும்.

மக்காச்சோளத்தில் லைசின் குறைவு என்பதால், அதை அடிப்படையாகக் கொண்ட கோழித்தீவனத்தில் லைசின் சேர்க்கப்படுகிறது. நாமக்கல் போன்ற கோழிப்பண்ணைப் பகுதிகளுக்கு இந்த நொதித்தல் இவ்வகையில் தொடர்புடையது.

உற்பத்தியைப் பாதிக்கும் பிற காரணிகள்

அமினோ அமிலங்களுக்கு வேண்டிய நைட்ரசன் பெரும்பாலும் அம்மோனியாவாக அளிக்கப்படுகிறது. கலனில் அமிலத்தன்மை ஏறாமலும் அது காக்கிறது. ஆக்சிசன் போதாவிட்டால் சர்க்கரை லாக்டிக் அமிலமாகவும் சக்சினிக் அமிலமாகவும் மாறி வீணாகும்.

இழந்த திறனைச் சில உயிரணுக்கள் மீண்டும் ஒரு சடுதிமாற்றத்தால் பெறுவதும் உண்டு. ஊட்டத்தை நம்பியிராத இவை விரைந்து பெருகி, கலனை நிரப்பிவிடுவதால் லைசின் விளைச்சல் குறையும். இதனால் மூல வளர்ப்புகள் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டு, ஒவ்வொரு உற்பத்திக்கும் அவற்றிலிருந்தே புதிதாக வளர்க்கப்படுகின்றன. உரிய மரபணுவை முழுமையாக நீக்கி உருவாக்கப்படும் வகைகளில் இவ்வாறு பழைய நிலைக்குத் திரும்புவது தவிர்க்கப்படுகிறது.