கவிஞர் காத்த குதிரைகள்

ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் நோட்டில் தொப்பி போட்ட ஒருவரின் முகம் இருக்கும். 'பாஞ்சோ' பேட்டர்சன். அந்த நாடே சேர்ந்து பாடும் 'வால்ட்ஸிங் மட்டில்டா'வை 1895-இல் எழுதியவர். பாஞ்சோ என்பது அவர் வீட்டில் இருந்த ஒரு குதிரையின் பெயர், அதையே புனைபெயராக்கிக்கொண்டார். முதல் உலகப் போரில் இந்தப் புகழ்பெற்ற கவிஞர் பார்த்த உத்தியோகம், எகிப்து மணலில் முரட்டுக் குதிரைகளைப் பழக்கிப் பட்டாளத்துக்கு அனுப்புவது.

நியூ சவுத் வேல்ஸில் 1864-இல் பிறந்தவர். படித்தது வக்கீல் படிப்பு. மனசெல்லாம் குதிரை மேல். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்குப் பத்திரிகை நிருபராகப் போய்ப் பேர் வாங்கினார். 1914-இல் மறுபடியும் நிருபராகப் போகத் துடித்தார், வாய்ப்பு அமையவில்லை. பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிப் பார்த்தார். ஊர் திரும்பி, கப்பலில் போகும் குதிரைகளைக் கவனித்துக்கொள்ளும் கௌரவ வைத்தியராக மூன்று கடற்பயணம் போனார். கடைசியில் 1915 அக்டோபரில், 51 வயதில், குதிரைகளைத் தயார்செய்து தரும் ராணுவப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

அந்தப் பிரிவில் பலர் அவரைப் போலவே சண்டைக்கு வயது தாண்டியவர்கள். கிழட்டுப் பட்டாளம், குதிரை லத்திப் பட்டாளம் என்கிற ரீதியில் மற்ற சிப்பாய்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் ஏறிப்போன குதிரைகளைப் பழக்கிக் கொடுத்தது இந்தக் கிழடுகள்தான்.

வேலை சாமானியமானதல்ல. வாரக்கணக்கில் கப்பலின் குறுகிய தடுப்புக்குள் நின்றே வந்த குதிரை, கரை இறங்கியதும் கால் மரத்துத் தள்ளாடும். உடனே முதுகில் ஏறினால் கெட்டுவிடும். சில நாள் கையில் பிடித்து மெல்ல நடத்த வேண்டும். தீனியைத் தரையில் கொட்டினால் மணலையும் சேர்த்து விழுங்கிவிடும். மணல் குடலில் தங்கினால் வயிற்றுவலி, சில சமயம் சாவு. சொறி வந்தால் மயிரைக் கத்தரித்து மருந்து நீரில் முக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் சேணம். சேணத்தைக் கண்டதும் முதுகை வில்லாய் வளைத்துத் துள்ளி ஆளைத் தூக்கி எறியும் குதிரைகளுக்கென்றே தேர்ந்த முரட்டுச் சவாரிக்காரர்கள் இருந்தார்கள்.

1916 ஏப்ரலில் பேட்டர்சனுக்குக் காயம் பட்டது. ஜூலையில் வேலைக்குத் திரும்பினார். அக்டோபரில் படைப்பிரிவின் தலைமையே அவர் கைக்கு வந்தது. மனைவி ஆலிஸும் எகிப்துக்கு வந்து இஸ்மாயிலியாவில் தொண்டு செய்தார்.

இப்படிப் பழக்கிய குதிரைகளின் பேர் வெளியே தெரிந்தது போர்க்களத்தில்தான். 1917 அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனத்தின் பீர்ஷெபாவில் ஆஸ்திரேலியக் குதிரைவீரர்கள் ஏறக்குறைய 800 பேர் துருக்கியரின் பதுங்குகுழிகளைத் தாண்டிப் பாய்ந்து ஊரைப் பிடித்தார்கள். குதிரைகளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அந்த ஊர்க் கிணறுகளைப் பிடித்தாக வேண்டிய நிலை. ஆளும் ஆயுதமும் மூட்டையுமாக 130 கிலோவுக்குக் குறையாத பாரம் சுமந்து பழகிய குதிரைகள் அவை. இந்தப் பாய்ச்சலைச் சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள். லாயத்தில் சாணி அள்ளியதை யார் படம் எடுப்பார்கள்?

போர் முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். போருக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறிய குதிரைகள் 1,30,000-க்கும் மேல். திரும்பிப் போனது ஒன்றே ஒன்று: ஆஸ்திரேலியத் தளபதி பிரிட்ஜஸின் குதிரை சாண்டி. நோய் பரவும் என்ற தடை மற்றவற்றுக்குக் குறுக்கே நின்றது. கைவசம் மிஞ்சிய 13,000-இல் வயதானவை, நொந்தவை என்று 2,000 கழிக்கப்பட்டன. விற்ற 11,000-இல் பெரும்பகுதி இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. இந்தியாவுக்கு இது புது வரவல்ல. 'வேலர்' என்ற இந்த இனம் 19-ஆம் நூற்றாண்டிலேயே மதராஸிலும் கல்கத்தாவிலும் இறங்கி விலைபோய்க்கொண்டிருந்ததுதான். ஆனால் இந்த முறை வந்தவை, கூடவே சண்டை போட்ட ஆட்கள் கண்கலங்கி விட்டுக்கொடுத்தவை. பணத்தை மிச்சம் பிடித்ததை நோயின் பேரில் எழுதிவிட்டார்களோ என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

பேட்டர்சன் 1919-இல் மேஜராக ஊர் திரும்பி, பிறகு குதிரைப் பந்தயப் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியரானார். போர்க்கால நினைவுகளை 1934-இல் புத்தகமாகப் போட்டார். அதே ஆண்டில் கெய்ரோவில் டொரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி, போர் முடிந்து பிரிட்டிஷ் பட்டாளம் எகிப்திலேயே விற்றுவிட்டுப் போன கிழட்டுக் குதிரைகளுக்காக ஒரு மருத்துவமனை திறந்தார். அவர் நன்கொடை திரட்டி விலைக்கு மீட்டவை ஏறத்தாழ 5,000. பல, மேற்கொண்டு பிழைக்க வைக்க முடியாத நிலையில் இருந்தன.