பல்லில் பதித்த கல்

சீடையைக் குறை சொல்லக் கூடாது. 2022 கோகுலாஷ்டமிக்கு நானே உருட்டி, நானே பொரித்த சீடைதான். நைவேத்தியம் ஆனதும் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். ‘கடக்’கென்று சத்தம். சீடைதான் உடைந்தது என்று நினைத்து மென்றால், மணல் மாதிரி நெருடுகிறது. துப்பிப் பார்த்தால், இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்ததில் பாதியும், கூடவே பல்லின் ஓரச் சில்லு ஒன்றும்!

அந்தப் பல்லை அதற்கு முன்பே இரண்டு தடவை அடைத்தாயிற்று. முதலில் வெள்ளி நிறத்தில் ஒன்று. அது பல வருஷம் உழைத்தது. பிறகு வேறோர் இடத்தில், “வெள்ளையா போட்டுடலாம்மா, தெரியவே தெரியாது” என்றார்கள். குழி பெரிசு, எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் சுலபமாகச் சொல்லிவிட்டார். “பேசாம பிடுங்கிடேன். உள்ளே இருக்கிற பல்லுதானே, யாருக்குத் தெரியப் போகுது?”

“தெரியறதுக்கா பல்லு? மெல்றதுக்குங்க” என்றேன். ஆனால் மனசுக்குள் நானும் அதைத்தான் நினைத்தேன். பெண்ணின் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம். நம் வீடுகளில் அம்மாவின் பல்லுக்கு எப்போதுமே கடைசி முறைதானே!

பிடுங்கிக்கொள்ளும் எண்ணத்தோடு போன என்னை நிறுத்தியவர், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் டாக்டரம்மா. சின்னப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “வேர் நல்லா இருக்கும்மா. நல்ல வேரை ஏன் பிடுங்கணும்? பிடுங்கினா பக்கத்துப் பல்லு அந்தச் சந்துல சாயும், மேல் பல்லு கீழே இறங்கும்” என்றார். அப்புறம்தான் ‘இன்லே’ என்ற வார்த்தையைக் காதில் போட்டார்.

சாதாரண அடைப்பு என்பது வாயிலேயே குழைவாக வைத்து, அங்கேயே இறுகவிடுவது. இன்லே அப்படியில்லை. குழியைச் சுத்தம் செய்து, அச்சு எடுத்து, அந்த அளவுக்குத் துண்டை வெளியே தயார் செய்து, கொண்டு வந்து ஒட்டுகிறார்கள். மூக்குத்தியில் கல் பதிக்கிற மாதிரி. மண் அடுப்பு மெழுகியவர்களுக்குத் தெரியும், ஈரமண் காயும்போது சுருங்கி ஓரம் விட்டுவிடும். வெள்ளை அடைப்பும் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். பெரிய குழியானால் அந்த ஓரத்து இடுக்கில் மறுபடி சொத்தை விழ வழி உண்டு. இன்லேயில் வாய்க்குள் இறுகுவது மெல்லிய பசை மட்டும்தான். பல்லின் முகடும் போய்விட்டால் அதையும் மூடுகிற மாதிரி செய்வார்களாம். அதற்கு ‘ஆன்லே’ என்று பேர். எனக்கு வைத்தது அதுதான்.

தங்கத்திலும் உண்டு. 1907-ல் அமெரிக்காவில் டாகர்ட் என்ற பல் வைத்தியர், மெழுகில் உருவம் செய்து, மேலே பூச்சு கொடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல்லுக்குக் கொண்டுவந்தாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். சுவாமிமலை ஸ்தபதிகள் சாமி விக்கிரகம் வார்ப்பதும் இப்படித்தானே! தங்கம் நன்றாக உழைக்கும், எதிர்ப் பல்லையும் தேய்க்காது. ஆனால் இன்றைய பவுன் விலையில் காதுக்கே யோசிக்கிறோம்! நான் பீங்கானுக்குச் சம்மதித்தேன். பீங்கானைக் கம்ப்யூட்டரே அளந்து கடைந்து தரும் முறையும் 1985-ல் ஸூரிக் நகரில் ஆரம்பித்துவிட்டது. அது இருக்கிற இடத்தில் ஒரே நாளில் முடிந்துவிடும்.

எனக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. முதல் நாள் மரத்துப்போக ஊசி போட்டு, பழைய அடைப்பை எடுத்து, மாவு மாதிரி ஒன்றைக் கடிக்கச் சொல்லி அச்சு எடுத்தார். குமட்டலாகத்தான் இருந்தது; மூக்கால் மூச்சு விட்டால் சமாளிக்கலாம். தற்காலிக அடைப்போடு ஒரு வாரம். அந்தப் பக்கம் மெல்லாதீர்கள் என்றார். நான் மறந்துபோய் மிக்ஸர் தின்று திட்டு வாங்கினேன். அடுத்த முறை ரப்பர் தாளால் பல்லைத் தனியாக்கி, ஈரமில்லாமல் உலர்த்தி ஒட்டினார். பிறகு நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, உயரமான இடத்தை லேசாகத் தேய்த்தார்.

சாதாரண அடைப்புக்குச் சொன்னதைப் போல நாலு மடங்கு செலவு. தவணையாகக் கொடுத்தேன்.

எல்லாச் சொத்தைக்கும் இது வேண்டியதில்லை. சின்னக் குழிக்குச் சாதாரண அடைப்பே போதும்; துண்டு உள்ளே இறங்குவதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் இழைக்க வேண்டியிருக்குமே. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் முன்னாடியே சொல்லிவிட வேண்டும், பீங்கான் உடையலாம். சொத்தை நரம்பு வரை போயிருந்தால் முதலில் வேர் சிகிச்சை. வாயில் பழைய வெள்ளி அடைப்பு கெட்டியாக இருந்தால், அதில் பாதரசம் இருக்கிறதே என்று பயந்து ஓடிப்போய் எடுக்கவும் வேண்டாம்.

ஒட்டிய இடத்தின் ஓரத்தில் சொத்தை வரலாம் என்பதால், இரவு பல் தேய்த்து, சந்துகளில் நூல் விட்டு எடுக்கிறேன். இன்றுவரை தொந்தரவில்லை. வீட்டுக்காரருக்கு இப்போது மேல் கடைவாய்ப் பல் கூசுகிறதாம். “அந்த டாக்டரம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?” என்று நேற்று மெதுவாகக் கேட்டார்.