பழைய டிராக்டருக்கு நாமே செய்யும் மீட்டர் பெட்டி

"எங்கள் டிராக்டருக்கு வயது இருபதுக்கு மேல். டேஷ்போர்டில் எந்த முள்ளும் அசைவதில்லை. கம்பெனி மீட்டர் செட் கேட்டால், அந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை என்கிறார்கள். தனித்தனி மீட்டர் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா? எங்கே மாட்டுவது?" என்று சேந்தமங்கலம் பகுதியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கேள்வி-பதில் பக்கத்தில் 'மாட்டலாம்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் எதை, எங்கே, எப்படி என்பதில்தான் காரியம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கும் இதில் ஒரு பழைய காயம் உண்டு. எங்கள் வண்டியில் ஹீட் முள் செத்துப்போய் இரண்டு வருடம் ஆகியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. "வண்டிதான் ஓடுதே" என்ற நினைப்பு. ஒரு நாள் குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிச் சேகோ ஆலைக்குப் போகும்போது ஃபேன் பெல்ட் அறுந்தது. அந்த ஒரு பெல்ட்தான் காற்றாடி, தண்ணீர் பம்பு, டைனமோ மூன்றையும் சுற்றுகிறது. ஹீட் முள் வேலை செய்திருந்தால் ஏறிக் காட்டியிருக்கும். பேட்டரி முள் இருந்திருந்தால் அதற்கும் முன்பே, பெல்ட் அறுந்த நிமிடமே விழுந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்ததென்னவோ பானட்டிலிருந்து ஆவி வந்தபோதுதான். ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், வண்டி பட்டறையில் கிடந்தது. அந்த வருடம் கடலைக்கு உழவு ஓட்ட வாடகை டிராக்டரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஈரம் காய்ந்த பிறகே அது வந்தது.

எத்தனை மீட்டர் வேண்டும்?

கடையில் ஐந்தாறு வகை காட்டுவார்கள். டிராக்டருக்கு மூன்று போதும்: ஆயில் பிரஷர், தண்ணீர் ஹீட், பேட்டரி வோல்ட். முள் அதிகமானால் கண் எதையும் பார்க்காது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளில் ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் வரிசையாக மீட்டர்கள் இருக்கும். அவர் அங்கேயே நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், சரி. நாம் பின்னால் திரும்பிக் கலப்பையையும் முன்னால் வரப்பையும் பார்க்கிறவர்கள். ஓரக்கண்ணில் பட வேண்டும்.

பழைய வண்டிகளில் ஆம்பியர் மீட்டர் இருக்கும். அது போய்விட்டால் மறுபடி அதையே தேட வேண்டாம். ஆம்பியர் மீட்டருக்குச் சார்ஜ் கரண்ட் முழுவதும் தடிமனான ஒயரில் டேஷ்போர்டுக்கு வந்து திரும்ப வேண்டும். ஒயர் உரசினால் தீப்பிடிக்கும் இடம் அது. வோல்ட் மீட்டருக்கு மெல்லிய ஒயரும் ஒரு சின்ன பியூஸும் போதும்.

தனி மீட்டர்களில் பரவலாகக் கிடைப்பது 52 மி.மீ துளையில் உட்காரும் அளவு. இவற்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வண்டி மீட்டர் செய்யும் பிரிக்கால் நிறுவனம் 1970-களிலிருந்து கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. நாமக்கல் லாரி ஸ்பேர் கடைகளில் பல கம்பெனிச் சரக்கும் உண்டு. எதை வாங்கினாலும் மீட்டரும் அதற்குரிய சென்சாரும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி சென்சார் போட்டால் முள் ஆடும், ஆனால் காட்டுவது பொய்யாக இருக்கும்.

முதலில் அட்டை, பிறகு தகடு

பெட்டி செய்யத் தகடு வெட்டும் முன், பழைய காலண்டர் அட்டையில் ஒன்று செய்து பாருங்கள். மூன்று மீட்டரின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 70 மி.மீ விட்டால் பெட்டி 22 செ.மீ நீளம், 9 செ.மீ உயரம் வரும். பின்பக்கம் ஒயரும் குழாயும் திரும்ப 10 செ.மீ ஆழம் வேண்டும். அட்டைப் பெட்டியைப் பழைய டேஷ்போர்டு மேல் வைத்து, சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பாருங்கள். ஸ்டீயரிங் கம்பி மறைக்கிறதா? காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணாடியில் அடிக்கிறதா? முகப்பை உங்கள் முகத்தைப் பார்த்துச் சற்றுச் சாய்த்தால் பாதித் தொல்லை போகும். பையனும் வண்டி ஓட்டுகிறான் என்றால் அவனையும் உட்கார வைத்துப் பாருங்கள், உயரம் வேறல்லவா.

அட்டை சரியாகிவிட்டால் அதையே அளவாக வைத்து 18 கேஜ் இரும்புத் தகட்டில் வெட்டலாம். சேந்தமங்கலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பெயர் வாங்கிய நாமக்கல் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே டிங்கர் வேலை பார்ப்பவருக்கு இப்படி ஒரு பெட்டி மடக்குவது பெரிய வேலையே இல்லை. அட்டை மாதிரியைக் கையில் கொண்டுபோங்கள். வாயால் விளக்கினால் வேறு ஏதோ வரும்.

வீட்டிலேயே செய்வதென்றால், தண்ணீர்த் தொட்டிக்குத் துளை போடும் பிளம்பரிடம் ஹோல்சா கட்டர் இருக்கும். 52 மி.மீ பல் வாங்கிக்கொண்டால் அரை மணி வேலை. துளை ஓரத்தை அரத்தால் ராவிவிடுங்கள். தகட்டின் பிசிறுதான் பின்னாளில் ஒயரை அறுக்கும். ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் புஷ் கட்டாயம்.

வெயில் மறைப்புக்கு, பாசனத்துக்குப் போடும் 63 மி.மீ பி.வி.சி குழாயில் மூன்று வளையம் அறுத்து மேல்பக்கம் நீளமாகவும் கீழ்ப்பக்கம் குட்டையாகவும் சாய்த்து வெட்டி, ஒவ்வொரு மீட்டரையும் சுற்றி ஒட்டலாம். குழாயின் கனத்தைப் பொறுத்து உள்ளளவு மாறும். மீட்டர் விளிம்பு உள்ளே அடங்குகிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பெட்டி முழுவதையுமே பி.வி.சியில் செய்யலாமா என்றால், சைலன்சர் சூடு படும் இடத்தில் அது இளகிவிடும். எனக்குத் தகடுதான் பிடிக்கும்.

ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள். பளபளப்பு வெயிலைக் கண்ணில் திருப்பும். அடியில் இரண்டு சின்னத் துளை விடுங்கள், மழைத் தண்ணீர் வடிய. பெட்டிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே பழைய டயர் டியூப் துண்டு வைத்து முறுக்கினால் அதிர்ச்சி குறையும்.

மாட்டும்போது

ஆயில் மீட்டரில் இரண்டு வகை. ஒன்று, என்ஜினிலிருந்து மெல்லிய குழாயில் ஆயிலே மீட்டருக்கு வரும். 1849-ல் பிரான்ஸ் நாட்டு பூர்தோன் கண்டுபிடித்த வளைந்த குழாய்தான் உள்ளே இருந்து முள்ளைத் தள்ளுகிறது. கரண்டே தேவையில்லை. ஆனால் அதிர்ச்சியில் செம்புக் குழாய் விரிசல் விட்டால் கொதிக்கும் ஆயில் காலில் தெளிக்கும், என்ஜினும் காலியாகும். அதனால் குழாயை இழுத்துப் பிடித்தபடி கட்டாமல், என்ஜின் பக்கம் ஒரு சுற்றுச் சுருட்டி விட வேண்டும். இன்னொன்று கரண்ட் சென்சார் வகை. புதிதாக மாட்டுபவர்களுக்கு இதையே சொல்வேன். எதுவானாலும், பழைய ஆயில் லைட் சுவிட்சைக் கழற்றி எறியாமல், லேத் பட்டறையில் ஒரு டீ செய்து இரண்டையும் வையுங்கள். மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும். பழைய சுவிட்சையே மாதிரியாகக் கொடுங்கள்.

ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் முள் படுத்தே கிடக்கும். 'மீட்டர் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஹீட் மீட்டரை மாட்டும் முன் அடுப்பங்கரையில் சோதிக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது சென்சாரின் உலோகப் பகுதியை மட்டும் தொங்கவிடுங்கள். கரண்ட் வகை என்றால் மீட்டருக்கு பேட்டரி இணைப்பும், சென்சார் உடம்புக்கு எர்த் ஒயரும் கொடுக்க வேண்டும். முள் 100 டிகிரியை ஒட்டி நின்றால் நல்ல மீட்டர்.

கரண்ட் லைனைச் சாவி சுவிட்சுக்குப் பின்னாலிருந்து, 5 ஆம்பியர் பியூஸ் வழியாக எடுங்கள். நேராக பேட்டரியிலிருந்து எடுத்தால் இரவெல்லாம் மீட்டர் விழித்திருந்து பேட்டரியைத் தின்னும். மீட்டர் விளக்கு ஒயரை ஹெட்லைட் சுவிட்சோடு சேர்த்துவிடலாம். வாரண்டியில் இருக்கும் புது வண்டியின் ஒயரை மட்டும் டீலரைக் கேட்காமல் வெட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. வண்டியைச் சூடேற்றி, ஓட்டும் வேகத்தில் வைத்து, மூன்று முள்ளும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். பிறகு பின் கிளாம்பைத் தளர்த்தி, மூன்று முள்ளும் நேர் மேலே பார்க்கும்படி மீட்டர்களைத் திருப்பி முறுக்குங்கள். எழுத்து கோணலாகத் தெரியும், பரவாயில்லை. பந்தய வண்டிக்காரர்கள் செய்வது இது. எண்ணைப் படிக்க வேண்டாம், மூன்றில் ஒன்று சாய்ந்தால் கண் தானாகப் பிடித்துவிடும்.

முள் என்ன சொல்கிறது?

ஆயில் பிரஷர் குளிர்ந்த என்ஜினில் அதிகமாகவும், சூடேறியதும் குறைந்தும் காட்டும். பெரும்பாலான டீசல் என்ஜின்களில் வேலை செய்யும்போது 2 முதல் 4 கிலோ வரை, ஸ்லோவில் 1 கிலோவை ஒட்டி இருக்கும். 1 கிலோ என்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். உழவில் திடீரென முள் விழுந்தால் அந்தச் சாலை முடியட்டும் என்று ஓட்டாதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

வோல்ட் மீட்டர், வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. 12.5-க்குக் கீழே இறங்கினால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை, முதலில் பெல்ட்டைப் பாருங்கள். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி கொதிக்கப் போகிறது.

ஹீட் 80 முதல் 95 டிகிரி வரை சாதாரணம். மெல்ல மெல்ல ஏறினால் ரேடியேட்டரில் தூசி, கடலைச் சருகு அடைத்திருக்கலாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே பொருக்குக் கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. லோடை விடுவித்து, ஸ்லோவில் ஓடவிட்டு இறங்க விடுங்கள். மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள்.

ஆனால் ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று கீழே விழுந்தால் 'ஆறிவிட்டது' என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் முழுக்க வெளியேறி, சென்சாரைத் தண்ணீர் தொடவில்லை என்றாலும் அப்படித்தான் காட்டும். உடனே என்ஜினை அணைக்க வேண்டும். பட்டறையில் எனக்கு இதைச் சொன்ன மெக்கானிக், "முள்ளு ஏறுனா பயப்படுங்க, ஏறி விழுந்தா அதவிடப் பயப்படுங்க" என்றார்.

இதே பெட்டியைக் காரிலும் ஜீப்பிலும் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். பழைய வண்டி என்றால் தாராளமாக. காற்றுப்பை உள்ள கார்களில் அது வெடித்துத் திறக்கும் பாதையில், அதாவது டிரைவர் பக்கத்து முன் தூணிலோ இடப்பக்க டேஷ்போர்டு மேலோ, எதையும் ஒட்டவோ திருகவோ கூடாது.